அடியிலிருந்து ஒரு பொட்டலம்

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால், மெட்ரோ வேலைக்காக நட்டு வைத்திருக்கும் தகரத் தடுப்பை ஒட்டி ஒரு கொட்டகை இருக்கிறது. அங்கே யுவராணி வைத்ததுதான் சட்டம். பேருக்கேற்ற ராஜ்யம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ராஜ்யத்தின் சொத்து பெரிதாக ஒன்றுமில்லை. தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ் ஒன்று, தகரம் அடித்த குளியல் மறைப்பு இரண்டு, ஒரு தண்ணீர்த் தொட்டி, போன் சார்ஜ் போட ஒரு பலகை, மூட்டைகள் வைக்க ஓர் இரும்பு அலமாரி. அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் முப்பத்தெட்டுப் பேரின் ஆதார் அட்டை நகல்கள் இருக்கின்றன.

வீடில்லாதவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் சோறு என்பார்கள். ஒரு ராத்திரிகூடத் தெருவில் படுத்திராதவர்களின் பதில் அது. யுவராணி நான்கு வருடம் படுத்தவள். விடிந்ததும் முதலில் வேண்டியது தாழ்ப்பாள். அதற்கப்புறம் குளிக்க ஒரு மறைவு. அதற்கப்புறம் மூட்டையை நம்பி விட்டுப்போக ஓர் இடம், ஏனென்றால் மூட்டையும் கையுமாக நிற்பவனை எந்த மேஸ்திரியும் வேலைக்கு எடுக்கமாட்டான். மூட்டைக்கு ரசீது என்று எதுவும் அவள் எழுதுவதில்லை. ரவிக்கைத் துணித் துண்டை இரண்டாகக் கிழித்து ஒன்றை மூட்டையிலும் மற்றதை ஆளின் மணிக்கட்டிலும் கட்டிவிடுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது செல்லும், மழையிலும் அழியாது.

சோப்பு விஷயத்தில் மட்டும் அவள் ராட்சசி. நீளமான சலவைச் சோப்பை நூலால் அறுத்து வில்லை வில்லையாக அடுக்கி வைத்திருப்பாள். கை கழுவி வந்து, கையை நீட்டி, அவள் மோந்து பார்த்து, தலையை ஆட்டினால்தான் டீயும் பன்னும். "இன்னா பள்ளிக்கூடமா நடத்துற?" என்று புதிதாக வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். பழையவர்கள் கையை நீட்டுவார்கள்.

டீயும் பன்னும் அறக்கட்டளை கொடுப்பது. மதிவதனி என்கிற அம்மாள் நடத்தும் சின்ன அறக்கட்டளை அது. சாப்பாடு, யாராவது கொண்டுவந்தால் உண்டு. பிறந்தநாள், திவசம், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது என்று ஏதாவது ஒரு காரணத்தோடு கார் வந்து நிற்கும். அங்கேதான் ஒன்பது வருடமாக ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. கொடுப்பவர் முதலில் சாப்பிட வேண்டும். அவர் எடுத்து நீட்டும் பொட்டலத்தை அல்ல. யுவராணி கூடைக்குள் தோள்வரை கையை விட்டு அடியிலிருந்து எடுக்கும் பொட்டலத்தை, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, வரிசையில் நிற்பவர்கள் பார்க்க, மூன்று வாய்.

இந்தச் சட்டத்தால் நடந்த கூத்துகளுக்குக் கணக்கில்லை. வீட்டுச் சாப்பாடு தவிர எதுவும் ஒத்துக்காது என்று சொல்லிப் பொட்டலங்களோடு காரில் ஏறிப் போன அம்மாள் உண்டு. காட்டுப்பாக்கத்து அடுக்குமாடியிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் நாலு பேர் எலுமிச்சை சாதம் கொண்டுவந்து, முதல் வாயிலேயே முகம் சுருங்கி, "அக்கா, உப்பே போடல" என்று தலையைச் சொறிந்தார்கள். அடுத்த வாரம் உப்பும் ஊறுகாயுமாக வந்தார்கள். கழுத்தில் மாலையோடு உட்கார்ந்து மூன்று வாய்க்குப் பதில் முழுப் பொட்டலத்தையும் காலி செய்து, தண்ணீர் கேட்ட கட்சி வட்டப் பிரமுகரும் உண்டு. அவர்மேல் யுவராணிக்கு இன்றும் மரியாதைதான்.

மதிவதனிகூட ஆரம்பத்தில் தயங்கினாள். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு சொல்வாங்க யுவராணி. வர்றவங்க குறைஞ்சிடுவாங்க."

"பல்லப் பாக்காம உட்டதுல ஒரு ஆளு செத்தாம்மா" என்றாள் யுவராணி.

அந்த ஆள் தங்கவேல், அவள் புருஷன்.

இருவருக்கும் குத்தம்பாக்கம். ஊரான் நிலத்தில் நாற்று நட்ட குடும்பங்கள். நிலமெல்லாம் பிளாட் ஆனபோது அவர்கள் யாரும் அழவில்லை, அவர்கள் நிலமா அது. தங்கவேல் பூந்தமல்லியில் ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்தான். யுவராணி ஒரு தொழிற்சாலை கேண்டீனில் காய் நறுக்கினாள், பாத்திரம் கழுவினாள், எந்த அண்டா எத்தனை மணிக்குக் கெடும் என்று மூக்காலேயே கற்றுக்கொண்டாள். பிறகு ஒருநாள் இயந்திரம் தங்கவேலின் வலக்கையில் மூன்று விரலை எடுத்துக்கொண்டது. வேலை போயிற்று. அவனைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டதில் அவள் வேலையும் போயிற்று. அப்புறம் வாடகை வீடும் போயிற்று. குத்தம்பாக்கத்தில் தம்பி டில்லிபாபு ஓட்டு வீட்டை மெத்தை வீடாகக் கட்டியிருந்தான். தம்பி வாசலில் போய் நிற்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. "ரெண்டு மாசம் ஸ்டாண்டுல படுத்துக்கலாம், அப்பால பாத்துக்கலாம்" என்றான். இரண்டு மாசம் நான்கு வருடமாக நீண்டது.

அந்த நான்கு வருடமும் தங்கவேலின் இடுப்பில் ஒரு சோப்பு டப்பா தொங்கியது. மிச்சமிருந்த இரண்டு விரலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவாமல் அவன் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். கையிலிருந்து பன் தவறிக் கீழே விழுந்தால் நாய்க்குத்தான். பசியில் காதடைத்தாலும் நாய்க்குத்தான். "ரோட்டுல படுக்குறோம். அதுக்காவ ரோட்டத் தின்ன முடியுமா?" என்பான். ஊரில் மிராசுதார்கள்கூட அவ்வளவு மடி பார்த்ததில்லை என்று யுவராணி அவனைக் கிண்டல் செய்வாள்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் ஒரு மண்டபத்து வேன் வந்து நின்றது. டிரங்க் ரோட்டில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தின் முதலாளி சுப்பராயன். முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷனில் மீந்த பிரிஞ்சி சாதம். அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, பரிமாற ஓர் ஆள் வா என்றார்கள். கேண்டீனில் இருந்தவள் என்று யுவராணியைத் தள்ளிவிட்டார்கள். மூடியைத் திறந்ததும் புளித்த ஆவி ஒன்று அவள் மூக்கில் ஏறியது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெருவில் படுப்பவர்களுக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது. கொடுக்கிறவன் முன்னால் மூக்கைச் சுளிக்கக் கூடாது. ஒரு தடவை சுளித்தால் அடுத்த தடவை அந்த வேன் நேராகக் கோயில் வாசலுக்குப் போய்விடும். சுளித்தவளைச் சுற்றியிருப்பவர்களே சும்மா விடமாட்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு கரண்டியை எடுத்தாள். புருஷனுக்கு ஒரு கரண்டி கூடுதலாகவே வைத்தாள். கடைசியில் அவளுக்கு மிஞ்சவில்லை.

பதினோரு பேர் விழுந்தார்கள். ராஜகுமாரி என்கிற பூக்காரி ஏழு நாள் எழுந்திருக்கவில்லை. பத்துப் பேர் பிழைத்துக்கொண்டார்கள். தங்கவேல் மூன்றாம் நாள் விடிகாலை செத்தான்.

யுவராணி நேராக மண்டபத்துக்குப் போனாள். குளிர்பதன அறையில் சுப்பராயன் யாரிடமோ தேதி பேசிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, கையில் இருந்த பேனாவைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "நான் போட்டது கல்யாண சாப்பாடு. உன் புருஷன் தெருவுல எதையாவது பொறுக்கித் தின்னிருப்பான். உங்களுக்கெல்லாம் அது புதுசா?"

அடி, உதை, வசவு எல்லாம் தெருவில் வாங்கியவள்தான். அந்த ஒரு வார்த்தை மட்டும் உடம்பிலிருந்து இறங்கவில்லை. வார்த்தை அவளைவிட வேகமாக நடந்து, அவளுக்கு முன்னால் குத்தம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. கொள்ளி வைக்க வந்த டில்லிபாபு எல்லோர் முன்னாலும் சொன்னான்: "கூடப் பொறந்தவன் நான் ஒர்த்தன் இருக்க சொல்ல பொறுக்கித் தின்னு செத்துட்டானே, எங்க மானமே போச்சு." பதினாறாம் நாள் காரியத்துக்கு அவள் போன் செய்தபோது, "அந்தாளு பேர எங்கையில எடுக்காத அண்ணி" என்று வைத்துவிட்டான். கீழே விழுந்த பன்னைத் தொடாதவன், பொறுக்கித் தின்றவன் என்கிற பேரோடு சாம்பலானான். காரியம்கூட நடக்கவில்லை.

மண்டபத்து வாசலில் நின்று யுவராணி மூன்று தடவை மண்ணை வாரித் தூற்றினாள். மண்டபம் இன்னொரு மாடி எழுப்பிற்று. முகூர்த்த நாட்களில் எதிர்ச்சாரியில் நின்று, பட்டுப்புடவையோடு இறங்குகிறவர்களிடம் "பாத்துத் தின்னுங்கம்மா" என்று சொல்லிப் பார்த்தாள். காவலாளி கழியைக் காட்டி விரட்டினான். தெய்வம் நின்று கொல்லும் என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். எத்தனை நேரம் நிற்கும் என்று கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மதிவதனி ஆள் தேடி வந்தாள். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளத் தெருவை அறிந்த ஒரு பெண் வேண்டும். யுவராணி ஒரே நிபந்தனை போட்டாள், அந்த மூன்று வாய். சுத்தத்துக்காக, ஜாக்கிரதைக்காக என்று மதிவதனி நினைத்துக்கொண்டாள். நல்ல மனுஷி, அப்படித்தான் நினைப்பாள். உண்மையில் அது எலிப்பொறி. பூந்தமல்லியில் சோறு மீந்தால் எங்கே வரும்? என்றைக்காவது ஒருநாள் இந்த ஸ்டூலுக்கு வந்துதான் ஆகவேண்டும். சுண்டெலிகளாக விழுந்துகொண்டிருந்த ஒன்பது வருடமும் அவள் பெருச்சாளிக்காகக் காத்திருந்தாள்.

போன தை மாதம் ஒரு புதன்கிழமை, காலை எட்டரை மணி. வெள்ளைக் கார் ஒன்று தகரத் தடுப்பை ஒட்டி நின்றது. முதலில் இறங்கியது நிறைமாத வயிற்றோடு ஓர் இளம்பெண். இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதி தூரம் கண்ணாடி வளையல்கள். நேற்று வளைகாப்பு என்று பார்த்தாலே தெரிந்தது. "அக்கா, நான் ஸ்வாதி. மதிவதனி மேடம்கிட்ட போன்ல பேசியிருந்தேன்" என்று சிரித்தாள். பின்கதவு திறந்து அவளுடைய மாமனார் இறங்கினார்.

யுவராணி சோப்பை அறுத்துக்கொண்டிருந்தாள். நூல் விரலில் இறங்கியது. சுப்பராயன். தலைக்கு மை பூசியிருந்தார், கண்ணாடி மாறியிருந்தது, தொந்தி கூடியிருந்தது. குரல் அப்படியே இருந்தது. டிரைவரை, "அந்தக் கூடையை நிழல்ல வைடா" என்று அதட்டியது மண்டபத்து அறையில் அன்று கேட்ட அதே குரல். அவளை ஒரு தடவை பார்த்தார், அலமாரியையும் ஒரு தடவை பார்த்தார். இரண்டுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"இன்னா சாப்பாடு சார்?" என்றாள்.

"வளைகாப்பு சாப்பாடும்மா. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய் சாதம், எல்லாம் இருக்கு. எழுபது பொட்டலம்."

"எப்ப கட்னது?"

"காலையிலதான்" என்றார். ஸ்வாதி திரும்பி மாமனாரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியவர் பேச்சில் குறுக்கிட வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

யுவராணி சோப்பு வில்லையை நீட்டினாள். "கைய கழுவிகினு வாங்க. இங்க ஒரு வழக்கம் கீது. கொண்டாந்தவங்கதான் மொதல்ல சாப்புடணும்."

"தெரியும்க்கா, மேடம் சொன்னாங்க. ரொம்ப நல்ல வழக்கம்" என்றாள் ஸ்வாதி. சுப்பராயனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருந்தது. சோப்பை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு போனார். யுவராணி கூடைக்குள் கையை விட்டாள். மேலே புளியோதரை. புளியோதரை இரண்டு நாள் தாங்கும், அதனால்தான் அது மேலே. கை அடிவரை போயிற்று. அலுமினியப் பெட்டி ஒன்று ஈரமாக அகப்பட்டது. சூட்டோடு கட்டி மூடியதில் வியர்த்த ஈரம். வெளியே எடுத்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தேங்காய் சாதம்.

சுப்பராயன் ஸ்டூலில் உட்கார்ந்தார். வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள், முன்னால் ராஜகுமாரி. அவள் சுப்பராயனைப் பார்த்தாள், யுவராணியைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நான் விரதம்மா" என்றார் சுப்பராயன்.

"மாமா, காலையில பொங்கல் சாப்பிட்டீங்களே" என்றாள் ஸ்வாதி, வெள்ளந்தியாக. வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"சுகர் இருக்கு."

"மூணே வாயி சார். நீங்க சாப்புடலன்னா இவங்க யாருக்கும் கெடைக்காது" என்றாள் யுவராணி. ஸ்வாதி படம் எடுக்கப் போனைத் தூக்கினாள். கணவனுக்கு அனுப்பவாம்.

சுப்பராயன் மூடியைத் திறந்தார். முப்பது வருடம் மண்டபம் நடத்தியவருக்கு மூக்கு இல்லாமலா இருக்கும். கை அப்படியே நின்றது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். இந்தத் தடவை அலமாரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கவில்லை.

"இன்னா சார்? நல்லாத்தான கீது?"

கெட்டுவிட்டது என்று சொன்னால் போதும், எழுந்து போய்விடலாம். நாற்பது பிச்சைக்காரர்கள் முன்னால், மருமகள் கையில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தன் மண்டபத்துச் சோறு கெட்டது என்று சொல்ல அந்த நாக்கு புரளவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். விழுங்கினார்.

யுவராணிக்குச் சந்தோஷமாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஒன்பது வருடத்தில் அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. தின்னு, என்று நினைத்தாள். அவர் குடலும் மூன்று நாள் எரியட்டும், மூன்றாம் நாள் விடியட்டும், என்று நினைத்தாள். "இன்னொரு வாயி" என்றாள். அவர் தின்றார். நெற்றியில் வேர்த்தது. "இன்னும் ஒண்ணு." மூன்றாவதையும் தின்றார். ராஜகுமாரியின் கை யுவராணியின் புடவையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானே, நானும் ஒரு வாய் சாப்பிடறேன்க்கா. எனக்காகச் செஞ்ச சாப்பாடுதானே" என்று ஸ்வாதி போனைத் தாழ்த்திவிட்டு, குனிந்து, மாமனார் மடியில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு வாய் அள்ளினாள். சளி பிடித்திருந்தது அவளுக்கு, கார் விட்டு இறங்கியதிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். வளையல்கள் கலகலவென்று மேலேறின.

யுவராணி பார்த்தாள். சோற்றைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். வேண்டாம்மா என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் அது இருந்தது. ஆனால் அவள் பார்வை சுப்பராயனின் முகத்தில் இருந்தது. அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டியிருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

சுப்பராயன் அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டார். சோறு சிதறியது. வளையல் இரண்டு உடைந்து சிமெண்டில் விழுந்தன. ஸ்வாதி மிரண்டுபோய் நின்றாள்.

"ஏன் மாமா?"

"தின்னாதம்மா. கெட்டுப்போச்சு."

"இப்பத்தானே நல்லாருக்குன்னீங்க?"

யுவராணி முதலில் துடைப்பத்தை எடுத்து வளையல் துண்டுகளைக் கூட்டி முறத்தில் அள்ளினாள், அங்கே நிற்பவர்களில் பாதிப்பேர் காலில் செருப்பில்லை. பிறகு ஸ்டூலுக்கு எதிரே வந்து நின்றாள்.

"எப்ப தெரிஞ்சிது சார்?"

"...மூடியைத் தொறந்தப்பவே."

"தெரிஞ்சே இவங்களுக்குப் போட இருந்த."

அவர் தலை குனிந்திருந்தது. மருமகள் இல்லாவிட்டால் அந்தத் தலை குனிந்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் என்ன, குனிந்த தலை குனிந்த தலைதான்.

"ஒம்போது வருசத்துக்கு முந்தி சித்திரை மாசம், ஒன் மண்டபத்து பிரிஞ்சி. பதினோரு பேரு உயுந்தாங்க. இதோ நிக்குறாளே ராஜகுமாரி, அவ ஒருத்தி. செத்தது என் ஊட்டுக்காரரு. பேரு தங்கவேலு. ஒங்கையில வந்து சொன்னேன். தெருவுல பொறுக்கித் தின்னிருப்பான்னு சொன்ன. ஞாபகம் கீதா?"

சுப்பராயன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. "அதுக்கு இப்ப என்னம்மா பண்ணணும்? என்ன வேணும்னாலும்..." என்று சட்டைப்பைக்குக் கை போயிற்று.

"கைய எடு. ஒண்ணும் வாணாம். வாயால குடுத்தத வாயாலயே திருப்பி எடுத்துக்க" என்றாள். சார்ஜர் பலகையிலிருந்து தன் போனைப் பிடுங்கினாள். ஒன்பது வருடமாக அழைக்காத எண் அதில் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது.

"யாரு?" என்றது டில்லிபாபுவின் குரல்.

"யுவராணி. வெச்சிடாத. ஒரு ஆளு பேசணும். கேளு." போனை சுப்பராயனின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடைந்த வளையல் கீறிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்வாதி சொன்னாள்: "சொல்லுங்க மாமா."

"நான் சுப்பராயன்... மண்டபத்துக்காரன். உங்க அண்ணன் தங்கவேல்... அவர் எதையும் பொறுக்கித் தின்னல. எங்க மண்டபத்துல இருந்து போன சோறு கெட்டுப்போயிருந்துச்சு. அதைத்தான் சாப்பிட்டார்."

டில்லிபாபு கேட்டான்: "அது ஒனக்கு அப்பவே தெரியுமா?"

சுப்பராயன் கண்ணை மூடிக்கொண்டார். "தெரியும்" என்றார்.

"அண்ணி" என்று குரல் உடைந்தது. "அண்ணி, நானு..."

"அப்பறம் பேசலாம்" என்று யுவராணி வைத்துவிட்டாள். அழத்தான் வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இந்த ஒரு வார்த்தைக்கு ஒம்போது வருசமா?" என்றாள் ராஜகுமாரி, யாரையும் பார்க்காமல்.

சுப்பராயன் எழுந்து தகர மறைப்புக்குப் பின்னால் ஓடினார். தொண்டையில் விரலை விட்டுக் குமட்டும் சத்தம் கேட்டது. யுவராணி ஒரு செம்பில் கொதித்தாறிய தண்ணீர் எடுத்து, சர்க்கரையும் உப்பும் அளந்து போட்டுக் கலக்கினாள். அன்றைக்குத் தங்கவேலுக்குக் கொடுக்க அவளுக்குத் தெரியாமல் போன தண்ணீர் அது. இப்போது கொட்டகையில் யாருக்கு வயிறு போனாலும் அவள் கை தானாகக் கலக்கும். கொண்டுபோய் நீட்டினாள்.

"குடி. செத்துகித்துத் தொலஞ்சிடாத. நாளைக்கு வேற யாராச்சும் கேட்டா சொல்றதுக்கு நீ உசுரோட இருக்கணும்."

குடித்தார். அவரை டிரைவர் காரில் ஏற்றி உட்காரவைத்தான். எழுபது பொட்டலமும் தடுப்புக்கு அந்தப்பக்கம் குழியில் போயின. மேலேயிருந்த நல்ல புளியோதரையையும் சேர்த்தே கொட்டச் சொன்னாள். வரிசையில் சிலர் முனகினார்கள். பழிவாங்கினால் மனம் நிறையும், வயிறு நிறையாது. நாற்பது பேர் காலை நாஷ்டாவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள், மணி ஒன்பதரை ஆகியிருந்தது.

ஸ்வாதி தானே போய் பஸ் நிலைய ஓட்டலிலிருந்து இட்லி வாங்கி வந்தாள். யாரும் சொல்லாமலே கை கழுவினாள், கூடையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "என்னை மன்னிச்சிடுங்கக்கா. நேத்தே கொடுத்திடலாம்னு சொன்னேன், மாமாதான் காலையில பாத்துக்கலாம்னார். நான் எடுத்துச் சொல்லியிருக்கணும்" என்று அழுதுகொண்டே மூன்று வாய் சாப்பிட்டாள்.

மன்னிப்புக் கேட்கவேண்டியவள் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை யுவராணியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தட்டிவிட்டது சுப்பராயனின் கை. அவர் தட்டாமல் இருந்திருந்தால்?

மாசியில் டில்லிபாபு தன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு அண்ணனுக்குக் காரியம் செய்தான். படத்துக்கு முன்னால் இலை போட்டு, இலைக்குப் பக்கத்தில் யுவராணி அந்தப் பழைய சோப்பு டப்பாவை வைத்தாள். ஊர் வந்து சாப்பிட்டுப் போயிற்று. பொறுக்கித் தின்றவன் என்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது.

கொட்டகையில் சட்டம் இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்ததும் முதல் வாயை யுவராணியே தின்கிறாள். அதற்கப்புறம்தான் கொடுப்பவர். மதிவதனி கேட்டதற்கு, "ஜாக்கிரதைக்குத்தாம்மா" என்றாள். நல்ல மனுஷி, நம்பிவிட்டாள். புளித்த பிரிஞ்சிக்கு ஒரு தடவை, வளையல் போட்ட கைக்கு ஒரு தடவை, திறக்கவேண்டிய நேரத்தில் இரண்டு தடவை மூடிக்கிடந்த வாய் அது. சுப்பராயனை அவள் தண்டித்தாகிவிட்டது. இந்த வாயைத் தினமும் காலையில் தண்டிக்கிறாள்.